திருடன் பதவிக்கு நியமன ஆணை

சுடலைமணிக்கு மகனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்தது. அதற்கு அவர் முதலில் வைத்தியராக வேண்டியிருந்தது. அவர் வைத்தியராவதற்குள் மன்றம் அவரைத் திருடனாக்கிவிட்டது. இரண்டாயிரத்து ஏழாம் வருடம் ஐப்பசி மாதத்தில் கோவில்பட்டியில் நடந்த இந்தக் காரியத்தில் யார்மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. எல்லாமே விதிப்படிதான் நடந்தது. விதிப்படி நடக்காத ஒரே காரியம் கடைசியில் வருகிறது.

சுடலைமணி புதூர்ப் பக்கத்துக்காரர். நாற்பத்திரண்டு வெள்ளாடு, வெயிலம்மாள் என்று ஒரு மனைவி, செல்வக்குமார் என்று ஒரே மகன். மகன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காகப் போய் ஆறு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். சாப்பிட்டாயா என்று இவர் கேட்பார். சாப்பிட்டேன், நீங்க என்று அவன் கேட்பான். ஆச்சு என்பார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுவிடுகிற சத்தம்தான்.

இரண்டு பேருக்கும் கோபதாபம் ஒன்றும் கிடையாது. அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது, அவ்வளவுதான். முன்னால் ஆடு போக வேண்டும், பக்கத்தில் ஒருத்தன் நடக்க வேண்டும், இரண்டு பேரும் ஆட்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். பத்தாம் வகுப்பில் தோற்றதைச் செல்வக்குமார் சொன்னது அப்படி நடக்கும்போதுதான். வெளிநாடு போகிறேன் என்று சொன்னதும் அப்படித்தான். போனில் ஆடு போகாது. அதனால் பேச்சும் போகவில்லை.

இப்போது கம்பெனியில் இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை கெடு. போடாதே, வந்துவிடு என்று சொல்ல சுடலைமணிக்கு ஆசை. போனை எடுத்தால் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் நாக்கு புரள மறுத்தது. அதற்கு வழி கண்டுபிடித்தவன் மகன்தான்.

"யப்பா, வெள்ளிக்கிழம சாயங்காலம் நான் கம்ப்யூட்டர்ல ஒரு வெளாட்டு வெளாடுதேன். அதுல காடு இருக்கு, ஓட இருக்கு, செம்மறிகூட நிக்கி. நீங்களும் உள்ள வாங்க. காதுல மாட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே பேசலாம். நான் அதுல வாள்வீரன். அடிபட்டா மருந்து போட ஆளில்ல. நீங்க வைத்தியரா வந்துருங்க."

இவ்வளவு நீளமாக மகன் போனில் பேசியது அதுதான் முதல் தடவை. சுடலைமணி மறு வெள்ளிக்கிழமையே ஆட்டை வெயிலம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினார்.

கோவில்பட்டியில் இருந்த இரண்டு பிரவுசிங் சென்டரிலும் கம்ப்யூட்டர் பழசு, அந்த விளையாட்டைத் தாங்காது என்று கைவிரித்துவிட்டார்கள். புதுக் கம்ப்யூட்டர் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: கரிசல் வட்டார வணிகர் முன்னேற்ற மன்றத்தின் கணினி அரங்கம். பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று வாசலில் போர்டு தொங்கியது. பொதுமக்கள் யாரும் அதுவரை அதை நம்பியதில்லை.

மன்றத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மொத்த உறுப்பினர்கள் அறுபது பேர். அதில் பதவியில் இருப்பவர்கள் ஐம்பத்தேழு பேர். மிச்சம் மூன்று பேர், பதவியில்லா உறுப்பினர் பிரிவுக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர்.

அரங்கத்தைக் கவனித்துக்கொண்டவள் தீபலட்சுமி. கம்ப்யூட்டர் படித்த பெண். மூன்று கம்ப்யூட்டருக்கும் தினமும் தூசி தட்டுவதுதான் அவளுக்கு வேலையாக இருந்தது. சுடலைமணி விஷயத்தைச் சொன்னதும் மலர்ந்த முகத்தோடு உட்காரவைத்து, விளையாட்டை இறக்கி, அவர் பெயரையும் பதிந்துவிட்டாள். திரையில் ஐந்து உருவங்கள் வரிசையாக நின்றன. வாள்வீரன், வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர், திருடன். இதில் ஒரு வேடத்தைத் தொட்டால் உள்ளே போய்விடலாம், யாராக இருக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். சுடலைமணி வைத்தியரைக் காட்டினார். அவள் தொடப்போன நேரத்தில் பின்னால் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

செயலாளர் மாயகிருஷ்ணன் நின்றிருந்தார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், கடையில் இருக்கும் நேரத்தைவிட மன்றத்தில் இருக்கும் நேரம் அதிகம். அவர் திரையைக் குனிந்து பார்த்தார். அந்த உருவங்களுக்குத் தனி உடுப்பு இருந்தது. கையில் ஆளுக்கொரு சாமான் இருந்தது. பெயருக்கு முன்னால் பட்டம் இருந்தது. இவ்வளவும் இருந்தால் அது பதவி. மன்றக் கட்டடத்துக்குள் யாரும் செயற்குழுத் தீர்மானம் இல்லாமல் எந்தப் பதவிக்கும் வர முடியாது, விதி பதினான்கு.

இது வெறும் விளையாட்டு சார் என்றாள் தீபலட்சுமி.

"மன்றத்தையும் நாங்க அப்படித்தாம்மா ஆரம்பிச்சோம்" என்றார் மாயகிருஷ்ணன்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தோடு முடிந்தது. சுடலைமணி கையில் வேட விண்ணப்பம் என்ற தாளைக் கொடுத்து, மூன்று பிரதி வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தாளைச் செயலாளர் அரைமணி நேரத்தில் தாமே எழுதித் தயாரித்திருந்தார். அதில் முன் அனுபவம் என்று ஒரு இடம் இருந்தது. கிளம்புமுன் சுடலைமணி, நாற்பது வருடமாக ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று தீபலட்சுமியை விட்டு எழுதச் சொன்னார். செயலாளர் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் பயனடைந்தவர் ஒருவரின் கையொப்பம் வேண்டும் என்றார்.

சுடலைமணி குழம்பினார். வைத்தியம் பார்த்தது ஆட்டுக்கு. பயனடைந்ததும் ஆடுதான்.

"கையெழுத்துப் போடத் தெரியாதவிய ரேகை வைக்கலாம்வே. அதுக்கு விதியில எடமிருக்கு" என்றார் செயலாளர். அவர் பேச்சில் கேலி துளியும் இல்லை. அவருக்குக் கேலி தெரியாது.

சனிக்கிழமை காலையில் வெயிலம்மாள் செங்கிடாவின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, சுடலைமணி அதன் குளம்பை ஊதா மையில் தோய்த்து மூன்று பிரதியிலும் வைத்தார். போன வருடம் முள் ஏறிச் சீழ் வைத்து, இவர் கைவைத்தியத்தில் பிழைத்த கிடா அது. மூன்றாவது பிரதியில் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. நாசமாப் போற மன்றம் என்று வெயிலம்மாள் மனதாரத் திட்டினாள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அவர் போனபோது மன்ற வாசலில் முப்பது செருப்பு கிடந்தது. வாள்வீரன் என்றொரு புதுப் பதவி வந்திருக்கிறது என்ற செய்தி பஜார் முழுக்கப் பரவிவிட்டிருந்தது. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பதினொரு விண்ணப்பம். எல்லாம் உறுப்பினர்களின் மகன்கள், மருமகன்கள், மைத்துனர்கள். திரையில் அந்த வீரன் எப்படி இருப்பான் என்று அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. செயற்குழு மூன்று மணி நேரம் கூடி யோசித்து, மூத்த வாள்வீரன், இணை வாள்வீரன், துணை வாள்வீரன், கௌரவ வாள்வீரன் என்று இடங்களை உண்டாக்கியது. மீதி ஏழு பேரை வாள்வீரர் ஆலோசனைக் குழுவில் போட்டது.

அதற்கப்புறம்தான் நேர்காணல். நடுவில் தலைவர் நந்தகோபால் உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி ஆலை முதலாளி. மெதுவாகப் பேசுவார், பேசி முடிக்க மாட்டார்.

ஏன் இந்தப் பதவிக்கு வர ஆசைப்படுகிறீர் என்று சுடலைமணியைக் கேட்டார்கள். மகனிடம் பேச வேண்டும் மொதலாளி என்றார் அவர். மகன் மன்ற உறுப்பினரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் மன்றத்தின் பதவியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தப் பார்க்கிறீர் என்று ஒருவர் குறித்துக்கொண்டார். அடுத்தாற்போல் குளம்பு ரேகையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அது வலது காலா, இடது காலா, முன்னங்காலா, பின்னங்காலா என்று எதுவுமே குறிப்பிடவில்லையே என்று மாயகிருஷ்ணன் வருத்தப்பட்டார். சுடலைமணியும் தம் தவறை உணர்ந்து தலைகுனிந்தார்.

தலைவர் அவரைத் தேற்றுகிற மாதிரி ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"பதவி மேல ஆசப்படக் கூடாதுவே. என்னப் பாரும். இருவத்திரெண்டு வருசமாத் தலைவரா இருக்கேன். ஒவ்வொரு வருசமும் எனக்கு வேண்டாம்னுதான் சொல்லுதேன். அத நம்பி வேற எவனும் நின்னுரக் கூடாதேன்னு ஒவ்வொரு வருசமும் நான்தான் ஓடி ஓடிப் பாத்துக்கிடுதேன். தியாகம்னா சும்மாவா."

எல்லோரும் கை தட்டினார்கள். சுடலைமணியும் தட்டினார். சுவர்க் கடிகாரத்தில் ஏழரை. மஸ்கட்டில் செல்வக்குமார் காட்டோரத்தில் காத்து நின்றுவிட்டு வெளியே போயிருப்பான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. வில்லாளி, தலைவரின் சம்பந்தி. மந்திரவாதி, செயலாளர். வைத்தியர், தலைவரின் மைத்துனர். அவர் சர்க்கரை வியாதிக்காரர், ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வருகிறவர் என்பதால் துறை அனுபவம் இருப்பதாகக் குறிப்பு எழுதியிருந்தார்கள். திருடன் வேடத்துக்கு மட்டும் விண்ணப்பம் வரவில்லை. மன்ற வரலாற்றில் ஒரு பதவி காலியாக இருந்ததில்லை. அதனால் கைவசம் மிஞ்சியிருந்த ஒரே ஆளை அதில் போட்டார்கள். சுடலைமணிக்கு முத்திரை வைத்த கவர் ஒன்று கிடைத்தது. தீபலட்சுமி தயங்கித் தயங்கிப் படித்தாள்.

'தாங்கள் மன்றத்தின் திருடனாகத் தற்காலிக அடிப்படையில் நியமிக்கப்படுகிறீர்கள். மன்றத்தின் நற்பெயருக்குக் களங்கம் வராத வகையில் திருட வேண்டும். பதவியேற்பு விழா அடுத்த வெள்ளி மாலை ஐந்து மணி. தத்தம் வேடத்துக்குரிய ஆயுதத்துடன் வர வேண்டும். பதவியேற்கும் முன் பணியைத் தொடங்குவது தண்டனைக்குரியது.'

சுடலைமணிக்கு முகம் செத்துப்போயிற்று. நாற்பது வருடத்தில் அடுத்தவன் கிடையிலிருந்து ஒரு குட்டியைத் தொட்டதில்லை. வழி தவறி வந்த ஆட்டைக்கூட ஊர் ஊராகக் கேட்டு ஒப்படைத்தவர். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தக் கவரைச் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தார், பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பட்டுவிடும் என்று. வீட்டுக்கு வந்து வெயிலம்மாளிடம் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

அவள் ஒன்றுதான் கேட்டாள்: "திருடன உள்ள விடுவாவளா மாட்டாவளா?"

விடுவார்கள், அவனும் அந்தக் காட்டில் ஒருத்தன்தான் என்றார்.

"பெறகென்ன. பிள்ளயப் பாக்கப் போறதுக்கு வேசம் எதுவா இருந்தா என்ன. போயிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் சாப்பிட்டீங்களா என்றான். ஆச்சு என்றார். வர்ற சனிக்கிழமை கையெழுத்து என்று அவன் சொன்னான். ம் என்றார். ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் கேட்டது.

நான்காவது வெள்ளிக்கிழமை மன்றத்து முன்னால் பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். புதிய கம்ப்யூட்டர்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு மாலையும் போட்டிருந்தார்கள். அதற்கு ஒயர் எதுவும் இல்லை. தலைவர் அதில் ஒரு பொத்தானை அழுத்திப் பதவிகளைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. அரங்கத்தைப் பூட்டிச் சாவியை மாயகிருஷ்ணன் மடியில் செருகிக்கொண்டார். வாள்வீரர்கள் நான்கு பேரும் ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டை வாளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் மந்திரக்கோலுக்குப் பதிலாகத் தம் பழைய கறுப்புக் குடையைக் கொண்டுவந்திருந்தார்.

சுடலைமணியும் ஆணைப்படி ஆயுதத்தோடு வந்திருந்தார். அவரிடம் இருந்தது ஒன்றுதான்: ஆட்டுக்குக் குழை தழை இழுத்துப் போடுகிற தொரட்டி. நீளக் கம்பு, நுனியில் கொக்கிக் கத்தி. அதைப் பார்த்து மூத்த வாள்வீரன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

ஐந்து மணி ஆனது. தலைவர் மைக்கைப் பிடித்தார். அவர் பேச்சு முடிந்தபின் எட்டுப் பேர் வாழ்த்துரை, பொன்னாடை, பதவிப்பிரமாணம், அதற்குப் பிறகுதான் அரங்கத்தைத் திறப்பார்கள் என்று தீபலட்சுமி காதில் சொன்னாள். சுடலைமணி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மகன் ஏழு மணிக்கு மேல் அங்கே இருக்க மாட்டான். விடிந்தால் கையெழுத்து.

"பின்பக்கக் கதவுக்குப் பூட்டுக் கெடையாதுய்யா" என்றாள் தீபலட்சுமி, மேடையைப் பார்த்துக்கொண்டே. "உள்ள ஒரு கொண்டிதான். ஜன்னல் வழியா எட்டிரும். என் கைக்கு எட்டல."

இரண்டு பேரும் தண்ணீர் குடிக்கப் போகிறவர்களைப் போல் எழுந்தார்கள். திருடன் இருக்கை காலியானதை ஒருவரும் கவனிக்கவில்லை, அது கடைசி வரிசையில் இருந்தது. பின்பக்கம் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே சுடலைமணி தொரட்டியை உள்ளே விட்டார். உச்சிக் கிளையில் இருக்கும் கருவேலங்காயைக் கீழே கிடக்கும் குட்டிக்குப் பறித்துப் போடுகிறவர் அவர். கொண்டி ஒரே இழுப்பில் விழுந்தது.

தீபலட்சுமி கம்ப்யூட்டரைப் போட்டாள். அந்த ஐந்து பேரும் மறுபடி வரிசையாக நின்றார்கள். இப்போது செயலாளர் இல்லை, விதி இல்லை. வைத்தியரையே தொட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

சுடலைமணி திறந்து கிடந்த பின்பக்கக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"திருடன்னே போடு தாயி. வந்த வழி அப்படியில்லா இருக்கு."

காட்டோரத்தில் ஒரு வாள்வீரன் தனியாக நின்றுகொண்டிருந்தான். கறுப்பு முக்காடு போட்ட ஒருத்தன் அவன் பக்கத்தில் போய் நின்றான். காதுமாட்டியில் யப்பா என்று ஒரு குரல் கேட்டது. ம் என்றார் சுடலைமணி. இரண்டு பேருக்கும் அதற்கு மேல் வரவில்லை. தீபலட்சுமி எந்தப் பொத்தானை அழுத்தினால் நடக்கலாம் என்று காட்டிவிட்டு வெளியே காவலுக்குப் போய்விட்டாள்.

நடந்தார்கள். ஓடையைத் தாண்டியதும் ஒரு செம்மறிக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. இவர்கள் பின்னால் வரவும் அது முன்னால் நகர்ந்தது. சுடலைமணிக்கு வாய் திறந்தது.

கடைசியில் போவது நொண்டுகிறது பார் என்றார். எனக்கும் ரொம்ப நாளாகச் சந்தேகம் என்றான் மகன். அப்புறம் மழை பற்றிப் பேசினார்கள். மேற்கே ஓடையில் தண்ணீர் கிடக்கிறது, செங்கிடாவுக்குக் கால் ஆறிவிட்டது, அது இப்போது மன்றத்தில் ரேகை வைத்த பெரிய மனுசன் என்றெல்லாம் இவர் சொல்ல, மஸ்கட்டில் இருந்தவன் வயிறு வலிக்கச் சிரித்தான். மகன் சிரித்துக் கேட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. வெளியே மைக்கில் நந்தகோபால், நான் எதையும் எதிர்பார்க்காதவன் என்று நாற்பதாவது நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுடலைமணி கண்ணைச் செம்மறி மேலிருந்து எடுக்காமல் சொன்னார்: "ஏலே, முட்டி வலிக்கி. அதுக்காவ ஒன்ன வரச் சொல்லல. எனக்குப் பேச ஆளில்ல. ஆட்டுக்கிட்டயே பேசிக்கிட்டுத் திரியுதேன். கையெழுத்துப் போடாத. வந்துரு."

வாள்வீரனும் செம்மறியைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தான்.

"இத ஒரு தடவ சொல்லுவீங்களான்னுதான் யப்பா வாராவாரம் போன் போட்டேன்" என்றான்.

அதே நேரத்தில் மேடையில் தலைவர் ஒயர் இல்லாத கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினார். திரை இருட்டாகவே இருந்தது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அந்த இருட்டைப் படம் எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மன்றத்தில் இன்றைக்கும் மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதவிக்காரர்களில் ஒருவரும் அதற்குப் பிறகு அரங்கத்துப் பக்கம் வரவில்லை, அவர்களுடைய பதவிகள் மட்டும் வருடந்தோறும் நீட்டிக்கப்படுகின்றன.

பின்பக்கக் கொண்டி விழுந்து கிடந்ததும், திருடன் பெயரில் ஒன்றே முக்கால் மணி நேரம் பதிவாகியிருந்ததும் திங்கட்கிழமை தெரியவந்தது. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார்கள். எந்தச் சாமானும் களவு போகவில்லை. நியமிக்கப்பட்ட அத்தனை பேரிலும் தம் கடமையைச் செய்தவர் இவர் ஒருவர்தான் என்று குழு கண்டுபிடித்தது. அதற்காகக் கேடயம் கொடுப்பதா, நடவடிக்கை எடுப்பதா என்று வாக்கெடுப்பு நடந்து, கடைசியில் சுடலைமணிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. பதவியேற்கும் முன்பே பணியாற்றியது ஏன், திருடிய பொருள் என்ன, எங்கிருந்து, அதை எப்போது திருப்பி ஒப்படைப்பீர்.

பதில் வர ஒரு மாதம் ஆனது. மூன்று பிரதி இருந்தது. கையெழுத்து புதிதாக, மணிமணியாக இருந்தது. செயலாளர் மாயகிருஷ்ணன் அதைச் செயற்குழுவில் உரக்கப் படித்தார்.

'திருடிய பொருள்: மகன் ஒன்று. இடம்: மஸ்கட். திருப்பி ஒப்படைக்கும் உத்தேசம் இல்லை. இதை எழுதிக்கொடுப்பது: மேற்படி பொருள்.'

கீழே சாட்சி என்ற இடத்தில் ஊதா மையில் ஒரு குளம்பு ரேகை இருந்தது. மாயகிருஷ்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது முன்னங்கால் என்று இந்தத் தடவை தெளிவாகக் குறிப்பிட்டிருந்தது. அவருக்குத் திருப்தியாக இருந்தது. பதிலைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.